எரித்தவர்தான் எடுக்க வேண்டும்

காளி கோயில் வாசலில் பொங்கல் வைத்த அடுப்பு அணையாமல் கனன்றுகொண்டிருந்தது. மைக்கில் பேசிக்கொண்டிருந்த மந்திரி சட்டென்று மைக்கை விட்டு விலகிப் போனார். கோயில் சுவரில் சாத்தியிருந்த டோலிக் கழியை எடுத்தார். தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"இந்த மூங்கில் கழி இனி நமக்கு எதற்கு? இதோ, தார்ச்சாலை வருகிறது! இனி எந்தத் தாயும் இதில் தொங்கிக்கொண்டு மலை இறங்க வேண்டியதில்லை!"

சொல்லிவிட்டு அதை நெருப்பில் போட்டார். கீழேயிருந்து வந்திருந்த கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார். மூங்கில் கணுக்கணுவாக வெடித்தது. பழைய கழி, எத்தனையோ பேரின் தோள் பட்டு வழவழப்பானது. எண்ணெய் ஊற்றினாற்போலப் பற்றிக்கொண்டது.

எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் கைதட்டவில்லை. கும்பிட்டார்கள்.

அந்த மந்திரி என் அக்கா பொன்னியின் புருஷன். சடையப்பன் என்று பெயர். 'அமைச்சர் வீட்டு மச்சானாக இருந்தும் கடைசிவரை மலையிலேயே வாத்தியார் வேலை பார்த்தீர்களே, உங்களுக்கு என்னதான் கிடைத்தது?' என்று இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த வாரம் அதைத்தான் சொல்லப் போகிறேன். படித்துவிட்டு ஏன் கேட்டோம் என்று அவர் நொந்துகொண்டால் நான் பொறுப்பில்லை.

விட்டால் விட்டதுதான்

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் புங்கமேடு. ஜமுனாமரத்தூரிலிருந்து வரும் ஜீப் தடம் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதைதான். பாறையும் வேரும் சரிவுமாக, வெறுங்கையோடு இறங்குகிறவனுக்கே முழங்கால் கழன்றுவிடும். நோயாளி என்றால் டோலி. நீளமான கழியில் கம்பளியைத் தூளி போலக் கட்டி, ஆளைப் படுக்க வைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோள் கொடுப்பார்கள்.

அந்தக் கழியை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். உயிருக்கும் சாவுக்கும் நடுவில் ஆளைச் சுமக்கிற பொருள் காளியின் கண் முன்னால் இருக்க வேண்டும். அதனால்தான் அது கோயில் சுவரில் சாத்தியிருந்தது.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. காளி முன்னால் ஒன்றை விட்டால் விட்டதுதான். மறுபடி எடுக்க வேண்டுமென்றால் விட்டவரே வந்து, தன் வாயால், 'என் வாக்கு தப்பிப்போச்சு' என்று அவளிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. ஆனால் அவருக்குப் பதிலாக வேறு யாரும் சொல்ல முடியாது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் சித்தப்பா ஒருவர் காளி முன்னால் புகையிலையை விட்டார். அறுவடை முடிவதற்குள் கை நடுங்கிப்போய் ஓடி வந்து, 'தாயே, முடியல, வாக்கு தப்பிப்போச்சு' என்று சொல்லிவிட்டு அங்கேயே ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டார். ஊரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

கழி எரிந்த அன்றைக்கு, கூட்டம் கலைந்த பிறகு எங்கள் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் வெள்ளையன் மந்திரியிடம் வந்தார். மந்திரிக்குப் பெரியப்பா முறை அவர். மெதுவாகக் கேட்டார்:

"யோசிச்சுத்தான் போட்டியா சடையா?"

"யோசிச்சுத்தான் பெரியப்பா. கீழ கல்லே நட்டாச்சு. அடுத்த அறுப்புக்கு பஸ்ஸுல புளி ஏத்திகினு போவலாம்."

"அப்ப சரி. இனிமே இந்த ஊர்ல கழி வெட்ட மாட்டோம்."

மந்திரி தலையாட்டினார். காலையில்தான் ஜீப் தடம் முடிகிற இடத்தில் அடிக்கல் நாட்டியிருந்தார். கறுப்புக் கல்லில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. சாலை வந்துவிடும் என்று அன்று அவர் உண்மையாகவே நம்பினார். அதை நான் சந்தேகப்பட்டதில்லை.

ஆடுகளுக்கு ஒரு சொற்பொழிவு

சடையப்பன் மாமா அரசியலுக்கு வந்ததே பேசத் தெரியாததால்தான். சொன்னால் சிரிப்பீர்கள்.

எழுபதுகளின் தொடக்கம். விறகு பொறுக்கப் போன ஒரு கிழவியின் விறகுச் சுமையை வனக்காவலர் ஒருவர் பிடுங்கி, அவள் கையையும் முறுக்கிவிட்டார். சந்தையன்று, ஊரே பார்க்க, இவர் அந்தக் காவலர் முன்னால் போய் நின்றார். "குடுத்துடு" என்றார். காவலர் கத்தினார். இவர் மறுபடியும் "குடுத்துடு" என்றார். வேறு ஒரு சொல் இல்லை. காவலர் விறகைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் கதை மலை முழுக்கப் பரவியது. கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள். முதலில் கட்சியில் ஒன்றியப் பொறுப்பு, பிறகு சட்டமன்றம். ஆனால் மேடையில் ஏறி 'குடுத்துடு' என்று மட்டும் சொன்னால் போதுமா? திருப்பத்தூரில் கட்சியின் பேச்சாளர் ஒருவர் இவருக்கு மேடைத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அதைச் சாமைக் கொல்லையில் ஆடுகளுக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகுவார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! உங்கள் பொற்பாதங்களுக்கு..."

அக்கா களை எடுத்துக்கொண்டே கேட்பாள்: "இன்னாங்க, ஆடு எதுவும் கைதட்டலியே?"

அவருக்கும் சிரிப்பு வந்துவிடும். நல்ல மனுஷன். அப்போது நல்ல மனுஷன் என்று எழுதத்தான் கை வருகிறது.

பழகப் பழக நாக்கு திரும்பியது. அப்புறம் நிற்கவே இல்லை. 'ஜவ்வாது மலைச் சிங்கம்' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். இரண்டாம் முறை ஜெயித்ததும் மந்திரி பதவி வந்தது. எந்தத் துறை என்கிறீர்கள்? மீன்வளம். கடலையே பார்த்திராத மனுஷனுக்கு மீன்வளம்! ஓடையில் கெண்டை பிடித்ததுதான் அவருடைய முன் அனுபவம்.

அக்காவும் சென்னைக்குப் போய் அரசு பங்களாவில் கொஞ்ச நாள் இருந்து பார்த்தாள். வாசலில் எப்போது பார்த்தாலும் கருவாட்டு நாற்றம், யாராவது மீனவர் சங்கத்தார், ஒரு மனுக்கூட்டம். "அங்க என்கூடப் பேசறதுக்கே ஆளில்லடா. அவரும் என்கிட்ட மைக்குல பேசற மாதிரியே பேசறாரு" என்று சொல்லிவிட்டு மலைக்கே திரும்பி வந்துவிட்டாள். மாடும் கொல்லையும் அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஒரே ஒரு வார்த்தை

அடுத்த அறுப்பு வந்தது. சாலை வரவில்லை. பாதை காட்டுக்குள் போகிறது, மரம் வெட்ட அனுமதி இல்லை என்று வனத்துறை சொல்லிவிட்டது. இவர் கோட்டையில் ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினார் என்பதும் உண்மைதான். மீன்வளத்துக்கு யார் பயப்படுவார்கள்?

ஊரில் நோயாளிகளை முதுகில் சுமந்து இறக்கத் தொடங்கினார்கள். கட்டிலோடு தூக்கலாம் என்றால் அந்தப் பாதையின் வளைவுகளில் கட்டில் திரும்பாது. ஏன் கழி வெட்டவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். விட்டதை மறைத்து எடுத்தால் பழி தூக்குகிறவனுக்கு வராது, அதில் ஏறிப் படுக்கிறவருக்குத்தான் வரும் என்பது எங்கள் நம்பிக்கை. எந்த மகன் தன் தாயை அதில் ஏற்றுவான்?

அந்தச் சமயத்தில்தான் அக்கா முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து. எங்கள் வீட்டில் அதைச் சத்தமாகச் சொல்லக்கூடப் பயந்தோம். ஜமுனாமரத்தூர் நர்சம்மா அவள் காலைப் பார்த்தார். வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. "இது வூட்ல வெச்சுப் பாக்கற பிரசவம் இல்ல. திருப்பத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்றார்.

இப்போதே கீழே போய் இருந்துவிடு என்று கெஞ்சினேன். அக்கா கேட்கவில்லை.

"இந்த ஊர்ல புள்ளத்தாச்சி நான் ஒருத்தியாடா? கழிய எரிச்சவரு பொண்டாட்டி மட்டும் முன்னாடியே எறங்கிப் போய்ட்டான்னு நாளைக்குப் பேச மாட்டாங்க? பொங்கலு கழியட்டும், போறேன். அதுக்குள்ள நீ மெட்ராசுக்குப் போய் அவர இட்டுகினு வா. ஒரே ஒரு வார்த்தை. காளிகிட்ட சொல்லிட்டுப் போயிடட்டும். எல்லாருக்கும் கழி வந்துடும்."

போனேன். பங்களா வராந்தாவில் மனு வைத்திருந்தவர்களோடு நானும் ஒருவனாக உட்கார்ந்தேன். மத்தியானம் உள்ளே கூப்பிட்டார். வெள்ளைச் சட்டை, சந்தன வாசனை. அக்காவின் உடம்பைப் பற்றி நன்றாகத்தான் விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ரோடு வரலன்னு நான் போய் சொல்லணுமா? மந்திரி நானே?"

"காளிகிட்டதான மாமா சொல்றீங்க."

"காளிகிட்ட சொன்னா மறுநாளே திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுல எதிர்க்கட்சிக்காரன் போஸ்டர் ஒட்டுவான்டா மச்சான். இடைத்தேர்தல் வருது. அது முடியட்டும், நானே வர்றேன்."

"அக்காவுக்கு கால் வீங்கிக் கீது மாமா."

 அவர் மணியடித்து ஆளைக் கூப்பிட்டு, ஒரு கூடை ஆப்பிள் கட்டித் தரச் சொன்னார்.

பஸ் மாறி, ஜீப் மாறி, அந்தக் கூடையை மலைமேல் சுமந்துகொண்டு போய் அக்காவின் முன்னால் வைத்தேன். அவள் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். "வர்றேன்னாரா?" என்று மட்டும் கேட்டாள். ஆப்பிளையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

கல்

பொங்கலுக்கு முன்பே வலி கண்டுவிட்டது. மாதம் நிறையவில்லை. விடிகிற நேரம், பனி இறங்கி எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. அக்காவுக்குக் கண் செருகிக்கொண்டு போனது.

நான் ஊர்க்கவுண்டரின் காலைப் பிடித்துக்கொண்டேன். "கழி வெட்டுங்க கவுண்டரே, எது வந்தாலும் என் தலைமேல வரட்டும்" என்று கத்தினேன். அந்தப் பெரிய மனுஷர் அழுதார். "உன் தலைமேல வராதுடா கோவிந்தா. அவ தலைமேலதான் வரும்" என்றார்.

உள்ளேயிருந்து அக்கா, "கழி வேணாம்டா. முதுகுல தூக்கு" என்றாள்.

தூக்கினேன். கொஞ்ச தூரம் நான், கொஞ்ச தூரம் மற்றவர்கள். நிறைமாதத்தை நெருங்குகிற ஒரு பெண்ணை முதுகில் போட்டுக்கொண்டு அந்தச் சரிவில் இறங்குவது எப்படி என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. வயிறு நசுங்கக் கூடாது என்று அவள் என் முதுகில் கையை ஊன்றி ஊன்றி விலகினாள். விலகினால் இருவரும் சாய்வோம். ஒவ்வொரு அடிக்கும் அவள் முனகல் என் காதுக்குள் விழுந்தது.

ஜீப் தடம் வந்தது. வண்டி கூப்பிட ஆள் ஓடியது. அக்காவை அந்த அடிக்கல்லில் சாய்த்து உட்கார வைத்தேன். அங்கே சாய அது ஒன்றுதான் இருந்தது. கல் பனியில் நனைந்திருந்தது. அவள் கையை உயர்த்தி எழுத்துகளைத் தடவினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல எது அவரு பேரு?"

விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். அவள் அதைக் கடைசி எழுத்து வரைக்கும் தடவினாள். ஜீப் வந்தபோது அவள் இல்லை. குழந்தையும் இல்லை.

தாய்மார்கள் கூட்டம்

மந்திரி கொடி கட்டிய ஜீப்பில் வந்தார். தடம் முடிகிற இடத்தில் இறங்கி, அந்தக் கல்லைப் பார்த்ததும் அதில் தலையை மோதிக்கொண்டு அழுதார். பிடித்து இழுத்தோம். அது நடிப்பில்லை.

காரியம் முடிந்த அன்று ஊர்க்கவுண்டர் அவரைக் காளி கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஊர் முழுக்க வந்திருந்தது. அவர் பின்னாலேயே கட்சிக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் வந்து நின்றார்கள்.

"சொல்லுடா சடையா. அவகிட்ட சொல்லிடு. போனவ போய்ட்டா, இருக்கறதுங்களாச்சும் பொழைக்கட்டும்."

மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். காளியைப் பார்த்தார். திரும்பி, பின்னால் நின்ற கூட்டத்தையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே..."

 சாலைப் பணி அரசின் தீவிரப் பரிசீலனையில் இருக்கிறது என்றார். விரைவில் நல்ல முடிவு வரும் என்றார். வரப்போகும் சாலைக்குத் தன் துணைவியாரின் பெயர் சூட்டப்படும் என்றார். பின்னால் நின்ற கட்சிக்காரர் ஒருவர், துக்க நாள் என்பதையும் மறந்து கைதட்டிவிட்டார்.

ஊர்க்கவுண்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது பெரியப்பா."

"அவகிட்ட ஒண்ணியும் சொல்லலியேடா."

 நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். மந்திரி கட்சிக்காரர்களோடு இறங்கிப் போனார்.

இரும்புப் பெட்டி

மிச்சக் கதை எல்லா மந்திரிகளின் கதைதான். இலாகா மாறியது, பிறகு இலாகாவே இல்லை. அடுத்த தேர்தலில் கட்சி சீட்டுக் கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு சுயேச்சையாக நின்று தோற்றார். வேடிக்கை என்னவென்றால் எங்கள் ஊர் மொத்தமும் அப்போதும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டது. 'அவன நாம கைவுடாம இருந்தாத்தான காளிகிட்ட வந்து சொல்லுவான்' என்றார் ஊர்க்கவுண்டர்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், இரும்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவரே நடந்து ஊருக்கு வந்து சேர்ந்தார். அக்கா வாழ்ந்த அதே வீட்டில் இருந்தார். நான் இரண்டு வேளை சோறு கொண்டுபோய் வைப்பேன். பேச மாட்டேன். அவரை மன்னிக்க என்னால் முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையனைக் காய்ச்சலோடு முதுகில் கட்டிக்கொண்டு அவன் அப்பன் இறங்கிப் போன அன்று.

"இப்பதான் பதவியும் இல்ல, கட்சியும் இல்ல. யாரு போஸ்டர் ஒட்டப் போறான்? போய் சொல்லிட்டு வந்துடலாமே மாமா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"அப்பவே சொல்லியிருக்கணும்டா மச்சான். இப்ப சொன்னா, பொன்னிய நான்தான் கொன்னேன்னு ஆயிடும்."

"இல்லன்னா மட்டும்?" என்றேன்.

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

மறுபடியும் அதே வாசல்

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, சோற்றோடு போனபோது தரையில் கிடந்தார். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணியிருந்தது. கீழே கொண்டுபோக வேண்டும். ஊர்க்காரர்கள் கூடினார்கள்.

அவர் இடது கையால் கோயில் பக்கம் காட்டினார். காட்டிக்கொண்டே இருந்தார். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

தாங்கிப் பிடித்துக்கொண்டு போய்க் காளி முன்னால் உட்கார வைத்தோம். கழி எரிந்த அடுப்பின் கற்கள் அங்கேயேதான் கிடந்தன. இந்தத் தடவை பின்னால் பத்திரிகைக்காரர் இல்லை, கட்சி இல்லை, மைக் இல்லை. ஊர்க்கவுண்டருக்கு அப்போது தலை நிற்காமல் ஆடும். அவர் குனிந்து, மந்திரியின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார்.

"சொல்லுடா சடையா. வாக்கு தப்பிப்போச்சுன்னு சொல்லு. அவ்ளோதான்."

இளவட்டங்கள் ஏற்கெனவே கொடுவாளோடு மூங்கில் புதர்ப் பக்கம் போய்த் தயாராக நின்றார்கள்.

அவர் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கண்ணில் நீர் வழிந்தது. சொல்லத்தான் பார்த்தார், அதை நான் எங்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். நாக்கு புரண்டு புரண்டு விழுந்தது. கடைசியில் ஒரு சொல் வந்தது. தெளிவாகவே வந்தது.

"தாய்மார்களே."

அவரே திடுக்கிட்டுப் போனார். தலையை ஆட்டினார், அது இல்லை, அது இல்லை என்று. மறுபடி வாயைத் திறந்தார்.

"தாய்மார்களே."

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல நான் எதிரே உட்கார்ந்தேன். "வாக்கு, மாமா. வா... க்கு..." என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைக் குவித்தார். மறுபடியும் அதே சொல்தான். அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் அவர் வாயில் மிஞ்சவில்லை.

ஊர்க்கவுண்டர் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, மூங்கில் புதர்ப் பக்கம் பார்த்துக் கையை அசைத்தார். வேண்டாம் என்று. கொடுவாள்கள் வெட்டாமலே தாழ்ந்தன.

நான் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தேன். ஏற்றி விட்டார்கள். என் அக்காவைவிடக் கனம் குறைவாகத்தான் இருந்தார். மழையில் பாதை வழுக்கியது. கல் இருக்கிற இடம் வரைக்கும், ஒவ்வொரு அடிக்கும், என் காதுக்குள் அவர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்:

"தாய்மார்களே... தாய்மார்களே..."